சிறு புஷ்பத்தின் தாயார்



சிறு புஷ்பமாகிய அர்ச். குழந்தை தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. அவளைப் பெற்ற செலி அம்மாளை நம்மில் அநேகர் அறியோம். 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் அவளையும் அவள் கணவர் லூயி மார்ட்டினையும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தினார். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்த செலியைப் பற்றி. ஏன் என்று உங்களில் சில வீட்டாருக்கு விளங்கும்.

பிரான்சு தேசத்து அலன்சோன் நகரில் அவள் லேஸ் பின்னிப் பிழைத்தவள், லூயி கடிகாரக்காரர். 1858-ல் கலியாணம். பிறந்த பிள்ளைகள் ஒன்பது. ஒரு மகன் குருவாகி வேதம் போதிக்கப் போகவேண்டுமென்று இருவரும் அர்ச். சூசையப்பரை மன்றாடினார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. 1867 பிப்ரவரியில், ஐந்து மாதத்தில் இறந்தது. மறுபடி ஒரு மகன். அவனும் 1868 ஆகஸ்டில், எட்டு மாதத்தில் போனான். 1870 பிப்ரவரியில் ஐந்து வயது எலேன். அதே வருஷம் அக்டோபரில் கைக்குழந்தை மெலானி. பால் கொடுக்க அமர்த்தின ஸ்திரீ பிள்ளையைப் பட்டினி போட்டிருந்தாள். தாய் அறிந்து வீட்டுக்குத் தூக்கி வந்தும் பயனில்லாமற் போயிற்று. நாலு வருஷத்துக்குள் நாலு பிள்ளைகள்!

இவர்களைப் பெறாமலே இருந்திருக்கலாம் என்று சிலர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். சாவு வீட்டில் நாமும் இப்படி ஏதாவது சொல்லிவிடுகிறோம், வாய் சும்மா இராது. அந்தப் பேச்சை அவளால் சகிக்க முடியவில்லை. தன் பிள்ளைகளின் நித்திய பாக்கியத்தைத் தன் கண்ணீரோடு ஒரே தராசில் வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

எலேனுடைய சாவுதான் அவளை அதிகம் வாட்டினது. குழந்தை ஒரு நாள் சின்னப் பொய் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. அதற்காக உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிறாளோ என்று கலங்கினாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் வேண்டாமென்று எந்தக் குருவும் சொல்லியிருப்பார். ஆனால் தாயின் மனது சாஸ்திரத்துக்கு அடங்குமா? வீட்டிலிருந்த தேவமாதாவின் சுரூபத்துக்கு முன் போய் நின்றாள். பிள்ளை தம் அருகில்தான் இருக்கிறாள் என்று தேவதாய் தன் உள்ளத்தில் உணர்த்தியதாகப் பிற்பாடு சொன்னாள்.

அழுகை அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் இறந்தவர்கள் அவளுக்குத் தொலைந்துபோனவர்கள் அல்ல. எலேன் உயிரோடிருந்த காலத்திலேயே அவளுக்குக் காதில் நோவு வந்தபோது, இறந்த தம்பியை வேண்டிக்கொள்ளச் செய்தாள், காது குணமாயிற்று. 1871-ல் தம்பி மனைவி பிறந்த குழந்தையை இழந்தபோது, செலி தன் காயத்திலிருந்தே அவளுக்கு ஆறுதல் எழுதினாள்.

1873 ஜனவரி 2-ந் தேதி தெரேசா பிறந்தாள். இரண்டு மாதத்தில் அவளும் சாகக் கிடந்தாள். விடியற்காலையில் செலி தனியே நடந்து, செமாலே கிராமத்துக்குப் போய், முன்பு தன் ஆண் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த அம்மாளை அழைத்து வந்தாள். பிறகு மாடிக்குப் போய் சூசையப்பர் முன் முழங்காலிட்டு, பிழைத்தாலும் சரி, எடுத்துக்கொண்டாலும் சரி என்று பிள்ளையை ஒப்புக்கொடுத்தாள். இறங்கி வந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் மூச்சுப் பேச்சில்லாமல் துவண்டது. போய்விட்டாள் என்றே நினைத்தாள். கால் மணி நேரம் கழித்துத் தெரேசா கண் திறந்து, தாயைப் பார்த்துச் சிரித்தாள்.