மூழ்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி பேரவையில் கேட்டார்கள். வகுப்பில் பலரும் நமக்கெல்லாம் தெரிந்த தலைவர்களின் பெயரைச் சொல்லி முந்திக்கொண்டார்கள். நான் ஜான் பிலிப் ஹாலண்ட் என்றதும், யாருப்பா அது என்று கேட்டார்கள். இன்று உலகத்தின் கடல்களில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கெல்லாம் வழி காட்டிய மனிதர் அவர். எனக்கு அவரைத் தெரிய வந்ததே ஒரு தோல்வியால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறார். தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கிலப் புத்தகம் மண்டையில் ஏறவில்லை. பேசாமல் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் துறைக் கண்காட்சிக்கு ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கி மாடல் செய்யலாம் என்று நண்பர்கள் நாலு பேர் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். அது முதல் நாளே கவிழ்ந்தது. மறுநாள் மூழ்கியே போச்சு. ஏன் என்று தேடிப் போனபோது நூலகத்தில் கிடைத்தவர்தான் ஹாலண்ட்.

அவர் 1841-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று அயர்லாந்தின் மேற்குக் கரையில் லிஸ்கேனர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா கடலோரக் காவல் பணியில் இருந்தவர். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் போய்த்தான் கற்றுக்கொண்டார். இதைப் படித்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அயர்லாந்தில் அப்போது உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்தது. பின்னாலேயே காலராவும் வந்தது. அந்த வீட்டிலும் சாவு விழுந்தது. அப்பா இறந்த பிறகு குடும்பம் லிமெரிக் நகருக்குக் குடிபெயர்ந்தது.

கடலுக்குப் போக வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. ஆனால் கண் பார்வை சரியில்லை. எனவே 1858-ல் கிறிஸ்தவ சகோதரர்கள் சபையில் சேர்ந்து ஆசிரியரானார். கார்க் நகரப் பள்ளியில் டொமினிக் பர்க் என்ற அறிவியல் ஆசிரியரின் பழக்கம் கிடைத்தது. 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மோதிக்கொண்ட செய்தி வந்தது. மேலே இவ்வளவு இரும்பு பூசினால், அதைக் கீழேயிருந்துதான் தாக்க வேண்டும் என்று அவருக்குப் பொறி தட்டியது. பாடம் நடத்திய நேரம் போக, மற்ற நேரமெல்லாம் தாளில் நீர்மூழ்கி வரைந்துகொண்டிருந்தார்.

உடல்நலம் கெட்டு 1873-ல் சபையை விட்டு விலகி அமெரிக்கா போனார். பாஸ்டன் நகரில் பனி உறைந்த தெருவில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் பழைய வரைபடங்களை எடுத்துத் திருத்தினார். பிறகு நியூஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்ற ஊரில் வாத்தியார் வேலை கிடைத்தது. 1875-ல் தன் திட்டத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். நடைமுறைக்கு ஒத்துவராது என்று திருப்பி விட்டார்கள்.

அவருடைய தம்பி மைக்கேல், அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் இயங்கிய ஃபீனியன் அமைப்பினரை அறிமுகம் செய்துவைத்தார். அவர்களை நம்ப வைக்க ஹாலண்ட் செய்தது என்ன தெரியுமா? நம்மைப் போல ஒரு மாடல்தான்! சுமார் இரண்டரை அடி நீளம், கடிகாரம் போல ஸ்பிரிங் முறுக்கினால் ஓடும். நியூயார்க்கை ஒட்டிய கோனி தீவுக் கடற்கரையில் அதை ஓட்டிக் காட்டினார். பணம் கிடைத்தது.

அந்தப் பணத்தில் முதல் படகு தயாரானது. 14 அடி நீளம், இரண்டேகால் டன் எடை, ஒரே ஆள் உட்காரலாம். 1878 மே 22 அன்று பேட்டர்சனில் பசேயிக் ஆற்றில் இறக்கினார்கள். ஊரே வேடிக்கை பார்க்க, படகு மெல்ல மெல்ல அமிழ்ந்து அடியில் போய் உட்கார்ந்தது. இதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். அடைப்புத் திருகுகளைப் போட மறந்தது ஒன்று. கடல்நீருக்குப் போட்ட எடைக் கணக்கோடு ஆற்றில் இறக்கியது இன்னொன்று.

இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நல்ல தண்ணீர் ஒரு கன மீட்டர் 1000 கிலோ. கடல்நீர் சுமார் 1025 கிலோ. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். ஆனால் இரண்டேகால் டன் படகுக்கு அது ஏறக்குறைய 55 கிலோ. ஒரு முழு ஆள் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி!

எங்கள் மாடலிலும் இதே கணக்குதான் இடித்தது. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய், 75 சென்டிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் மூடி. இதன் கன அளவு சுமார் 7 லிட்டர். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, அது தண்ணீருக்குள் போக வேண்டுமென்றால் மொத்தம் 7 கிலோ எடை இருக்க வேண்டும். மோட்டார், பேட்டரி, குழாய் எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோதான் வந்தது. மீதி நாலரை கிலோவும் பாலாஸ்ட், அதாவது அமிழ்த்துவதற்கென்றே வைக்கும் பாரம். டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயத் துண்டுகளை வாங்கி வந்து, இடம் இருந்த இடத்திலெல்லாம் திணித்தோம். பேட்டரி மேலேயும் வைத்தோம். தொட்டியில் விட்டதும் படகு ஆமை மாதிரி மல்லாந்து விட்டது.

ராத்திரி அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து வைத்திருந்தேன். அப்பா பார்த்தார். பாரத்தை மேலே ஏற்றினால் லாரி கவிழத்தானே செய்யும், கனமானதை அடியில் பரப்பு, இலேசானதை மேலே வை என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா சொன்னது, நான் பெயில் ஆன பாடம்! சாதாரணக் கப்பல் மிதக்கும்போது அதைச் சுற்றி அகலமான நீர்மட்டக் கோடு இருக்கிறது. சாய்ந்தால் அந்த அகலமே தூக்கி நிறுத்த உதவும். நீர்மூழ்கி உள்ளே போனதும் அந்தக் கோடே மறைந்துவிடுகிறது. அப்புறம் அதை நிமிர்ந்து நிற்க வைக்க ஒரே வழிதான். எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈயத்தை அடியில் நீளவாக்கில் ஒட்டினோம். படகு நிமிர்ந்தது.

சரி, ஹாலண்டுக்கு வருவோம். அமிழ்ந்த படகைத் தூக்கி, எடையைச் சரிசெய்தார். உள்ளே வைத்த எஞ்சின் மக்கர் செய்ததால், பக்கத்தில் ஒரு படகை நிறுத்தி அதன் பாய்லரிலிருந்து ரப்பர் குழாயில் நீராவி எடுத்து ஓட்டினார். தானே உள்ளே உட்கார்ந்து மூழ்கினார், தானே மேலே வந்தார். பிறகு வேண்டிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு அந்தப் படகை ஆற்றிலேயே விட்டுவிட்டார். 1927-ல் அதைத் தோண்டி எடுத்து, பேட்டர்சன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அவர் கண்டுபிடித்த வழி என்னவென்றால், நீர்மூழ்கியைக் கல் மாதிரி மூழ்கடிக்கவே கூடாது. தொட்டியில் நீர் நிரப்பினாலும் கடைசியில் கொஞ்சம் மிதப்பை மிச்சம் வைக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தை மோட்டாரின் வேகமும் பின்பக்க இறக்கைகளும் சேர்ந்து கீழே அழுத்த வேண்டும். மீன் போவது போலத் தலையைச் சாய்த்துக் கீழே போகும். எஞ்சின் நின்றால் தானாக மேலே வந்துவிடும். இன்னொன்று, தொட்டியில் நீரைப் பாதியாக நிறுத்தக் கூடாது. பாதித் தொட்டியில் நீர் முன்னும் பின்னும் ஓடும், படகு தலைகுப்புறப் போகும். நிரப்பினால் முழுதாக நிரப்ப வேண்டும்.

இதற்கும் எங்களிடம் சாட்சி உண்டு. நாங்கள் மேல்கோபுரம் மட்டும் வெளியே தெரியும்படி, 150 கிராம் மிதப்பு மிச்சம் வைத்திருந்தோம். பழைய பொம்மைக் காரின் 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டைப் போட்டோம். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சில அங்குலத்திலேயே செத்துவிடும். பழைய அலை நல்ல தண்ணீரில் சில அடி வரை போகும். கடல்நீரில் அதுவும் எடுபடாது. எல்லாம் நன்றாக ஓடியது. ஆனால் காற்றாடித் தண்டு வழியாகக் கசிந்து ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போய்விட்டது. 200 மில்லி. அது மூக்குப் பக்கம் ஓடியது, படகு தலைகீழாக நின்றது, அப்படியே பம்ப்செட் தொட்டியின் அடிக்குப் போனது. மிச்சம் 150 கிராம், வந்தது 200 கிராம். கணக்கு அவ்வளவுதான்.

ஹாலண்டின் அடுத்த படகு 1881-ல் நியூயார்க்கில் இறங்கியது. 31 அடி நீளம், 19 டன், மூன்று பேர் போகலாம். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ஃபீனியன் ராம் என்று பெயர் வைத்தார்கள். அதையே சிறிதாக்கி 16 அடியில் சோதனைக்கு இன்னொரு மாடலும் கட்டினார். ஆனால் பணம் பற்றி அமைப்புக்குள் சண்டை வந்தது. 1883 நவம்பரில் ஃபீனியன் ஆட்களே ஒரு இரவில் இரண்டையும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வழியில் சின்னது தண்ணீர் புகுந்து மூழ்கியது. பெரியதை ஓட்டவே அவர்களுக்குத் தெரியவில்லை. தன் உழைப்பைத் திருடிய அந்த அமைப்போடு ஹாலண்ட் உறவை முறித்துக்கொண்டார். 1885-ல் கட்டிய நாலாவது படகு, இறக்கும் நாளிலேயே சாய்தளம் சரிந்து உடைந்தது.

1895-ல்தான் கடற்படை ஒப்பந்தம் தந்தது. அதிலும் தங்கள் விருப்பப்படி நீராவி எஞ்சின் வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெப்பம் தாங்க முடியவில்லை. இது உருப்படாது என்று தெரிந்துகொண்டு, தன் மனசுப்படி ஒன்றை நிறுவனத்தின் செலவிலேயே கட்டினார். அதுதான் 1897 மே 17 அன்று இறங்கிய ஹாலண்ட் ஆறு. நீளம் சுமார் 54 அடி. மேலே ஓட 45 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், கீழே ஓட பேட்டரியும் மின் மோட்டாரும். மிதக்கும்போது 64 டன், மூழ்கும்போது 74 டன். நடுவில் உள்ள அந்த 10 டன்தான் உள்ளே போகும் தண்ணீர். நீர்மட்டக் கோட்டுக்கு மேலே எவ்வளவு கன அளவு தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தண்ணீரைத் தொட்டி கொள்ள வேண்டும். மாடல் செய்கிறவர்களுக்கும் இதே விதிதான்.

அந்த அக்டோபரில் ஒரு தொழிலாளி வால்வை மூட மறந்துவிட, படகு கரையிலேயே மூழ்கியது. உப்புநீரில் மோட்டார் கெட்டது. ஃபிராங்க் கேபிள் என்ற மின் வல்லுநர் கம்பிச் சுருளுக்குள்ளேயே மின்சாரம் செலுத்தி, சூடேற்றி உலர்த்தினார். 1898 மார்ச் 17 அன்று, அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாளில், ஹாலண்ட் ஆறு வெற்றிகரமாக மூழ்கி எழுந்தது. 1900 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கக் கடற்படை அதை 1,50,000 டாலருக்கு வாங்கியது. முதலில் அனுப்பிய தாளுக்கும் இதற்கும் இடையே 25 வருடம்!

எந்த பிரிட்டனை எதிர்த்து வரையத் தொடங்கினாரோ, அந்த பிரிட்டனும் 1901-ல் இவருடைய வடிவமைப்பில் தன் முதல் நீர்மூழ்கியைக் கட்டியது. ஆனால் நிறுவனத்தைப் பணம் போட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள், காப்புரிமையும் அவர்கள் கைக்குப் போச்சு. 1904-ல் விலகினார். புதிதாகத் தொடங்க நினைத்தபோது வழக்கு குறுக்கே நின்றது. 1914 ஆகஸ்ட் 12 அன்று நூவர்க் நகரில் 73 வயதில் காலமானார். முதல் உலகப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ஒரு காலைப்பொழுதில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. 1,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கியவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

எங்கள் படகின் தண்டுக் குழாயில் கிரீஸ் அடைத்தோம். கண்காட்சி அன்று அது தொட்டியின் இந்தக் கோடியில் மூழ்கி அந்தக் கோடியில் எழுந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா ஓரமாக நின்று பார்த்தார். அடுத்த தேர்வில் மிதக்கும் பொருளின் நிலைத்தன்மை பற்றி ஒரு கேள்வி வந்தது. லாரியை நினைத்துக்கொண்டு எழுதினேன். 52 மார்க். அரியர் போயிற்று, படிப்பு மிஞ்சியது.

நண்பர்களே, மிதப்பு என்றால் நம்ம ஊரில் திமிர் என்றும் அர்த்தம். நான் சொல்வது அது இல்லை. நம்மில் பலருக்கு வீட்டில் பாரம் அதிகம். அதை இறக்கி வைக்க முடியாது, அடியில் வைத்துக் கட்டிக்கொள்ளத்தான் முடியும். ஹாலண்ட் போல 150 கிராமாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றாலும் மேலே வந்துவிடலாம்.

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை