தாயகம் துரத்திய விஞ்ஞானி புரூனோ ரொசி

ஒரு நாடு தனது அறிஞர்களை ஆற்றலைக் கொண்டு மதிக்காது பிறப்பைக் கொண்டு தரம் பிரிக்கத் தொடங்குமாயின், அதனால் விளையும் இழப்பை அந்நாடு உடனடியாக உணர்வதில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் கனதி தெரியவருகின்றது. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த பௌதிகவியலாளர் புரூனோ ரொசியின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

1905 ஏப்ரல் 13ஆம் திகதி வெனிஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் ரொசி பிறந்தார். தந்தையார் மின் பொறியியலாளர். 1927இல் பொலோனா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவியாளரானார். அதன் ஆய்வுகூடம் அமைந்திருந்த ஆர்செத்ரிக் குன்றிலேயே கலிலியோ தமது இறுதிக் காலத்தை வீட்டுக் காவலில் கழித்தார்.

விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி ஒருவகைக் கதிர்கள் வருகின்றன என்பதை 1912இல் பலூனில் உயரப் பறந்து விக்டர் ஹெஸ் கண்டறிந்திருந்தார். எனினும் அக்கதிர்களின் இயல்பு புலப்படவில்லை. அவை ஒளியைப் போன்ற காமாக் கதிர்களே என அமெரிக்க அறிஞர் மில்லிகன் நம்பினார். இந்நிலையில் 1930இல், தமது 25 வயதை எட்டும் வேளையில், ரொசி ஒரு மின்சுற்றை வடிவமைத்தார். பல கைகர் குழாய்கள் ஒரே கணத்தில் தூண்டப்பட்டால் மாத்திரமே அது பதிவு செய்யும். இதனால், தற்செயலான தூண்டல்களை விலக்கி, குழாய்கள் அனைத்தையும் ஊடுருவிச் செல்லும் துணிக்கைகளை இனங்காண முடிந்தது. ஒரு மீற்றர் தடிப்புள்ள ஈயத்தையும் சில துணிக்கைகள் துளைத்துச் செல்வதை அவர் நிறுவினார். 1931இல் ரோமாபுரியில் நடைபெற்ற மாநாட்டில், நோபல் பரிசு பெற்றவரான மில்லிகனின் முன்னிலையிலேயே அவரது கொள்கையை இந்த இளைஞர் மறுத்துரைத்தார்.

1933இல் அப்போது இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த எரித்திரியாவின் அஸ்மாரா மேட்டுநிலத்தில் ரொசி பரிசோதனை நடத்தினார். மேற்குத் திசையிலிருந்து கூடுதலான கதிர்கள் வருவதால், அவற்றுட் பெரும்பாலானவை நேரேற்றம் கொண்டவை என்பது உறுதியாயிற்று. அங்கு மற்றொன்றையும் அவர் அவதானித்தார். ஒன்றுக்கொன்று தொலைவில் வைக்கப்பட்ட குழாய்கள் சில வேளைகளில் ஒருமித்துத் தூண்டப்பட்டன. பரந்த துணிக்கைப் பொழிவு வானிலிருந்து இறங்குவதே அதற்குக் காரணம் என அவர் குறிப்பிட்டார். ஆயினும் அதனைத் தொடர்ந்து ஆராயவில்லை. 1938இல் பிரான்ஸைச் சேர்ந்த பியர் ஓஜே அதனை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினார்.

அதே ஆண்டுதான் ரொசியின் வாழ்வைப் புரட்டிப்போட்டது. 1932 முதல் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவர், அங்கு புதிய பௌதிகவியல் நிறுவகம் ஒன்றைத் திட்டமிட்டுக் கட்டியெழுப்பியிருந்தார். முசோலினி அரசின் இனவாதச் சட்டங்கள் 1938 செப்டெம்பரில் அவரைப் பதவியிலிருந்து அகற்றின. திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவி நோராவுடன் நாட்டை விட்டு வெளியேறிய அவர், கொப்பன்ஹேகன், மன்செஸ்டர் வழியாக 1939இல் அமெரிக்காவைச் சென்றடைந்தார். மனைவி யூதப் பெண்மணி என்பதால் என்றிக்கோ பேர்மியும் 1938இன் இறுதியில் இத்தாலியைத் துறந்தார்.

யுத்த காலத்தில் லொஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்திற்கான அளவைக் கருவிகளை ரொசி உருவாக்கினார். அக்குண்டு மனிதர் மீது வீசப்பட்டமை அவரது மனதை நெடுங்காலம் உறுத்தியது.

1946இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இணைந்த அவர், அஸ்மாராவில் விட்டுவந்த பொழிவுகளிடம் மீண்டும் திரும்பினார். வளிமண்டலத்தில் மோதும் ஒரு துணிக்கை கோடிக்கணக்கான துணிக்கைகளாகப் பெருகி, மெல்லிய தட்டுப் போன்று நிலத்தை வந்தடைகின்றது. பரவலாக வைக்கப்பட்ட உணர்கருவிகளை அத்தட்டு தொடும் நேர வேறுபாட்டைக் கொண்டு அது வந்த திசையையும், துணிக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு சக்தியையும் கணிக்கும் முறையை அவரது குழுவினர் வகுத்தனர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் அகாசிஸ் நிலையத்தில் திரவ உணர்கருவியொன்று மின்னல் தாக்கித் தீப்பற்றியதை அடுத்து, பிளாஸ்ரிக் உணர்கருவிகள் உருவாக்கப்பட்டன. விக்ரம் சாராபாயின் ஒத்துழைப்புடன் அத்தகைய கருவிகள் தமிழகத்தின் கொடைக்கானலிலும் நிறுவப்பட்டன.

1962இல் நியூமெக்சிக்கோப் பாலைவனத்தில் ரொசியின் குழுவைச் சேர்ந்த ஜோன் லின்ஸ்லி பதிவு செய்த பொழிவின் மூலத்துணிக்கை, சுமார் ஒன்றின் பின் 20 பூச்சியங்கள் கொண்ட இலத்திரன் வோல்ற் சக்தியை உடையதாகக் கணிக்கப்பட்டது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் கிரிக்கெட் பந்தின் சக்தி ஒரேயொரு துணிக்கைக்குள் அடங்கியிருந்தது! இத்தகையவை ஒரு சதுர கிலோமீற்றரில் நூற்றாண்டுக்கு ஒன்று என்ற அளவிலேயே விழுகின்றன. ஆகவேதான் ஆர்ஜென்ரீனாவில் ஓஜேயின் பெயர் தாங்கிய ஆய்வகம் 1,600க்கும் அதிகமான நீர்த்தொட்டிகளை 3,000 சதுர கிலோமீற்றரில் பரப்பி வைத்துள்ளது.

1970இல் ஓய்வுபெற்ற ரொசி, தம்மைத் துரத்திய தாயகத்தின் மீது வன்மம் பாராட்டாது பலேர்மோ பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்தார். 1993 நவம்பர் 21இல் காலமான அவரது அஸ்தி புளோரன்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. இத்தாலி அவரது அஸ்தியைப் பெற்றுக்கொண்டது. அவரது உழைப்பின் சிறந்த ஆண்டுகளையோ வேறொரு நாடு பெற்றுக்கொண்டது. பிறப்பை அளவுகோலாக்கும் ஆட்சியாளர்கள் எங்கிருப்பினும் இக்கணக்கைச் சிந்தித்தல் நன்று.