முகவரியோடு கடிதம் போட்டவர்

விடுதியில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நண்பர்களுக்கு இது புரியும். இரண்டாவது இதழுக்குள் மூச்சு வாங்கிவிடும் அந்த வேலையை ஆயுசு முழுக்க விடாமல் செய்த ஓர் ஆசாமி இருந்தார். பெயர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்.

1884-ல் லக்ஸம்பர்க்கில் பிறந்தவர். 1904-ல், தானே வடிவமைத்த பாட்டரி ஒன்றை நம்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாட்டரி கைகொடுக்கவில்லை. நியூயார்க்கில் ரேடியோ சாமான்களைத் தபாலில் விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். அதை ஒட்டி 1908-ல் ஒரு மின்சாரப் பத்திரிகை. 1911-ல் அதிலேயே எதிர்காலத்தைப் பற்றி ஒரு தொடர்கதையும் எழுதினார். சும்மா சொல்லக்கூடாது, கதை சுமார்தான்! ஆனால் இதற்கென்று தனிப் பத்திரிகை வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

1924-ல் சந்தா கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்தார். ஆதரவு போதவில்லை. இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, 1926 ஏப்ரலில் யாரையும் கேட்காமல் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' இதழைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். விலை 25 சென்ட். முதல் இதழில் வெர்ன், வெல்ஸ், போ என்று எல்லாமே மறுபிரசுரம். புதுக் கதை வாங்க வேண்டிய செலவு மிச்சம் பாருங்கள்! அட்டைப்படம் ஃபிராங்க் பால் வரைந்தது: வானத்தில் சனிக்கிரகம், கீழே பனியில் சறுக்கும் மனிதர்கள். துணை ஆசிரியர் ஸ்லோன் எழுபது தாண்டிய பெரியவர். மனிதன் விண்வெளிக்குப் போவான் என்பதில் அவருக்கே நம்பிக்கை கிடையாது!

1927-ல் வாசகர் கடிதப் பகுதி தொடங்கியது. எழுதியவரின் முழு முகவரியையும் அதில் அச்சிட்டார்கள். இதுதான் பெரிய காரியம். எங்கோ ஒரு மூலையில் தனியாக இப்படிக் கதை படித்துக்கொண்டிருந்த பையன், வேறு ஊரில் தன்னைப் போல இன்னொருவன் இருப்பதைத் தெரிந்துகொண்டான். கடிதம் போட்டான், சந்தித்தான், சங்கம் வைத்தான், பிறகு தானே எழுதவும் ஆரம்பித்தான்.

எழுதினால் பணம் கிடைக்க வேண்டுமே! அங்கேதான் வில்லங்கம். கெர்ன்ஸ்பேக் கொடுத்தது சொற்பம், அதுவும் இழுத்தடித்துத்தான். 1927-ல் லவ்கிராஃப்டின் ஒரு நல்ல கதைக்கு வந்தது 25 டாலர். அவர் தன் கடிதங்களில் கெர்ன்ஸ்பேக்கை எலி என்றே குறிப்பிட்டார்.

1929-ல் கம்பெனி திவாலாகி, 'அமேஸிங்' கைமாறிப்போனது. மனுஷர் அசரவில்லை, அதே வருஷம் ஜூனில் 'ஸயன்ஸ் ஒண்டர் ஸ்டோரீஸ்' வந்துவிட்டது. ஸயன்ஸ் ஃபிக்ஷன் என்ற பெயர் பரவியது அங்கிருந்துதான். 1934-ல் வாசகர்களுக்காக ஒரு லீகும் அமைத்தார். வாசகராயிருந்து எழுத்தாளரான டொனால்ட் வோல்ஹைம் என்ற இளைஞருக்குக் கதைக்கான பத்து டாலர் போய்ச் சேரவில்லை. அவர் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு வக்கீலிடம் போய்ப் பணத்தை வசூலித்துவிட்டார். 1935-ல் லீகிலிருந்து அவரை நீக்கினார்கள். சேர்த்துவைத்த வாசகர்களையே பகைத்துக்கொண்டது, என் அபிப்பிராயத்தில், திவாலை விடப் பெரிய நஷ்டம். மறுவருஷமே பத்திரிகையை விற்றுவிட்டார்.

1953-ல் 'ஸயன்ஸ் ஃபிக்ஷன் பிளஸ்' என்று இன்னொரு முறை முயன்றார். ஏழே இதழ். ஆனால் அதே வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய ரசிகர்கள், சிறந்த படைப்புகளுக்கு முதல்முறையாகப் பரிசு கொடுத்தார்கள். அதற்கு வழங்கிய பெயர் 'ஹ்யூகோ'. 1960-ல் அவருக்கே ஒரு சிறப்பு ஹ்யூகோ கிடைத்தது. 1967-ல் காலமானார்.

பரிசு இன்றும் உண்டு. ஓட்டுப் போடுவது வாசகர்கள்தான்.