பதவிகள் கைவிட்ட பின்னர் இப்னு கல்தூன்

வரலாற்றியலுக்கும் சமூகவியலுக்கும் முன்னோடி என்று இப்னு கல்தூனை உலகம் போற்றுகிறது. எங்கள் பாடசாலைகளிலும் அதை ஒரே வரியில் படிப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அவரது 43ஆவது வயதில் யாராவது அவரைச் சந்தித்திருந்தால், தோற்றுப்போன ஓர் அரசியல்வாதி என்றே நினைத்திருப்பார்கள்.

அவர் 1332இல் தூனிஸில் பிறந்தார். மூதாதையர் ஸ்பெயினின் இஷ்பீலியாவில், அதாவது இன்றைய செவில் நகரில், பெரும் பதவிகளில் இருந்தவர்கள். 17 வயதை எட்டும்போது வந்த கொள்ளைநோய் தாய் தந்தையரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோனது. 20 வயதளவில் முதல் உத்தியோகம் கிடைத்தது. சுல்தானின் ஆணைகளில் பிஸ்மிக்குக் கீழே அல்லாஹ்வைப் புகழும் வாசகத்தை எழுதுவதே வேலை. குடும்பத்தின் பழம்பெருமைக்கு முன் அது அவருக்குச் சின்னதாகப் பட்டது. விட்டுவிட்டுப் பெஸ் நகரின் அரசவைக்குப் போனார்.

அங்கே சதியில் சம்பந்தப்பட்டவர் என்ற சந்தேகத்தில் 1357இல் சிறையிலிடப்பட்டார். சுல்தான் இறக்கும்வரை, ஏறத்தாழ 21 மாதங்கள், வெளியே வர முடியவில்லை. பிறகு கிரனாடா போனார். 1364இல் தூதராகச் செவிலுக்குச் சென்றபோது, தன்னோடு தங்கினால் மூதாதையரின் சொத்துக்களைத் திருப்பித் தருவதாகக் கிறிஸ்தவ மன்னர் பெத்ரோ சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். அடுத்து பிஜாயாவில் ஆட்சியாளருக்கு அடுத்த நிலையிலிருந்த ஹாஜிப் பதவி கிடைத்தது. ஒரு வருடம் சென்றதும் அந்த ஆட்சியாளரே போரில் கொல்லப்பட்டார். அதன் பின்னர் ஓர் அரசவையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்த வருடங்களை எண்ணிப் பார்க்கவே களைப்பாக இருக்கும். இதற்கிடையில் அவரது நண்பரும் கிரனாடாவின் அமைச்சராக இருந்தவருமான இப்னுல் கதீப் பெஸ் சிறையில் கொல்லப்பட்டார். தனக்கும் அதே முடிவு வரலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1375இல் தில்ம்சானின் சுல்தான் அவரை மீண்டும் ஒரு வேலையாகக் கோத்திரத்தாரிடம் அனுப்பினார். இவர் பாதி வழியில் திரும்பி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டையில் தஞ்சம் புகுந்தார். குடும்பமும் வந்து சேர்ந்தது. மூன்று வருடங்களுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1377இல் ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வை எழுதி முடித்தார்.

ஐந்து மாதம் என்பதைக் கேட்டு வியக்கிறோம். உண்மையில் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது என்பதே என் கணிப்பு. பாலைவனத்துக் கூட்டமொன்று அஸபிய்யா என்ற கூட்டுப்பிணைப்பினால் நகரைப் பிடிக்கிறது, பின்னர் சுகபோகத்தில் அந்தப் பிணைப்பை இழந்து, மூன்று நான்கு தலைமுறைக்குள் இன்னொரு கூட்டத்திடம் வீழ்கிறது. இதை அவர் கிதாபுகளில் மட்டும் படிக்கவில்லை. விழுந்த அரசவைகளில் தானும் சேர்ந்து விழுந்தவர். கோத்திரத் தலைவர்களின் கூடாரங்களில் படை கேட்டுப் பேரம் பேசியவர். நினைத்த பதவி நினைத்தபடி நிலைத்திருந்தால், திறமையான ஓர் அமைச்சர் என்று வரலாற்றில் ஒரு பந்தியோடு முடிந்திருப்பார்.

ஆசிரியை என்ற வகையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மாணவரைக் கடுமையாக அடக்கினால் அவர்கள் பொய்யும் பாசாங்கும் பழகிக்கொள்வார்கள் என்று அந்நூலில் எச்சரிக்கிறார். அடக்குமுறை ஆட்சிகளின் கீழே வாழ்ந்தவருக்கு அது வகுப்பறைக்கு வெளியேயும் தெரிந்த உண்மைதான்.

நூலின் மற்றப் பாகங்களுக்குக் கிதாபுகள் தேவைப்பட்டதால் தூனிஸ் திரும்பினார். 1382இல் எகிப்து சென்று அல்அஸ்ஹரில் கற்பித்தார். 1384இல் மாலிக் மத்ஹபின் தலைமைக் காழியானார். அதே காலத்தில், அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் உடைந்து கடலில் மூழ்கினர். பதவியும் நிலைக்கவில்லை. ஆறு தடவை நியமிக்கப்பட்டார், நீக்கப்பட்டும் வந்தார். 1401இல், டமஸ்கஸை முற்றுகையிட்டிருந்த தைமூரைச் சந்திக்க எழுபதை நெருங்கும் வயதில் நகர மதிலிலிருந்து கயிற்றில் இறங்கினார். 1406இல் கெய்ரோவில் மறைந்தபோது ஆறாவது தடவையாகக் காழி பதவியில் இருந்தார். கையில் எடுத்த ‘முகத்திமா’வையும் அதன் பின்வந்த வரலாற்றுப் பாகங்களையும் கடைசிக் காலம்வரை திருத்திக்கொண்டே இருந்தார்.