கேமராவைப் பாக்கெட்டுக்குள் கொண்டுவந்த மெக்கானிக்

போன சிம்போசியத்துல கடைசி வரிசையில உட்கார்ந்துகிட்டு, மேடையில பேசின நண்பனை ஃபோன்ல பத்து மடங்கு ஜூம் பண்ணி எடுத்தேன். வந்தது நண்பன் இல்லை, வெறும் புள்ளிகள். உங்க கேலரியிலயும் இப்படி ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இதே புள்ளிகளோட நூறு வருஷத்துக்கு முன்னாடியே மல்லுக்கட்டியவர் ஆஸ்கர் பார்னாக்.

1879-ல் ஜெர்மனியில் பிறந்தவர். டிகிரி கிடையாது (நமக்கு அரியர் இருக்கு, அவருக்கு அதுவும் இல்லை). பட்டறையில் தொழில் பழகிய மெக்கானிக். யேனா நகரத்தில் ஜெய்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது, லீவு நாளில் காடு மலைன்னு சுற்றிப் படம் எடுப்பார். அன்றைய கேமரா என்றால் பெரிய பெட்டி, ஸ்டாண்டு, கண்ணாடித் தகடுகள். அவருக்கோ ஆஸ்துமா. மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேடு ஏற முடியலை.

சரி, படத்தைச் சின்னதா எடுத்து அப்புறம் பெருசாக்கினா என்ன? சுமார் 1905-ல், ஒரே தகட்டில் பல குட்டிப் படங்களை எடுத்துப் பார்த்தார். பெருசாக்கினதும் எல்லாம் புள்ளி புள்ளியாகப் போச்சு. ஐடியாவை ஓரமா வைத்துவிட்டார்.

1911-ல் வெட்ஸ்லார் ஊரில், மைக்ராஸ்கோப் செய்யும் லைட்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சினிமா ஃபிலிம் கைக்கு வந்தது. சினிமா கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். இவர் அதைப் படுக்கவைத்து ஓட்டி, ஃப்ரேமை இரண்டு மடங்காக்கினார்: 24க்கு 36 மில்லிமீட்டர். இன்றைக்கு நாம ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற அளவு அதுதான். 1914-க்குள் கோட் பாக்கெட்டில் அடங்கும் ஒரு உலோகக் கேமரா தயார்.

உங்க ஃபோன் சென்சார் அந்த ஃப்ரேமைவிட ரொம்பச் சின்னது. ஏற்கனவே சின்னதா இருக்கிறதில் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெருசாக்குறதுதான் டிஜிட்டல் ஜூம். அதனால எழுந்து நாலு அடி முன்னாடி போங்க. ஆளை ஜன்னல் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் குறையக் குறையப் புள்ளி கூடும். முழங்கையை உடம்போட ஒட்டிப் பிடிங்க. லென்ஸைத் துடைங்க, ப்ளீஸ். நான் ஒரு வருஷம் முழுக்க விரல் ரேகை வழியாத்தான் படம் எடுத்திருக்கேன்.

1920-ல் வெட்ஸ்லார் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. பார்னாக் தன் குட்டிக் கேமராவோடு போய் எடுத்தார். அந்தப் படங்கள் இன்னும் இருக்கு.

ஆனா அது விற்பனைக்கு வரலை. ஜெர்மனி பணவீக்கத்தில் நொறுங்கியிருந்தது. மைக்ராஸ்கோப் கம்பெனிக்குக் கேமரா எதுக்கு, யார் வாங்குவாங்கன்னு சந்தேகம். கையில் காசும் கம்மி, தோற்றால் தொழிலாளர்கள் வேலைக்கே ஆபத்து. கடைசியில் 1924-ல் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து சம்மதித்தார். மாக்ஸ் பெரெக் உருவாக்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸோடு, 1925 லைப்சிக் கண்காட்சியில் லைக்கா வெளிவந்தது.

பார்னாக் 1936-ல், 56 வயதில் இறந்தார். விற்பனைக்கு முன்னாடி சோதனைக்குச் செய்த கேமராக்களில் ஒன்றை அவரே வைத்திருந்தார். 2022 ஏலத்தில் அது 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போச்சு. அதன் வ்யூஃபைண்டர் மேல் அவர் பேரைச் செதுக்கியிருக்காங்க.