வள்ளல் பச்சையப்பர்: மறைவுக்குப் பின் வளர்ந்த கொடை

சங்க காலத்துக் கடையெழு வள்ளல்களின் பெயர்களை நம் வட்டத்துக் கவிஞர் எவரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். மயிலுக்குப் போர்வையும் முல்லைக்குத் தேரும் ஈந்த அந்நாளைய கொடை, கொடுத்த அப்பொழுதே நிறைவு பெற்றது. பெற்ற உயிர் மகிழ்ந்தது, புலவர் பாடினர், புகழ் நின்றது. பச்சையப்ப முதலியாரின் கல்விக்கொடை அவ்வாறு அமையவில்லை. கொடுத்தவர் மறைந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் சென்ற பின்னரே அப்பொருளால் ஒரு பள்ளி எழுந்தது. தம் பெயரால் அப்படியொரு பள்ளி எழும் என்பதை அவர் அறிந்திலர். நாயகர் மறைந்த பின்னரே முதன்மையான பகுதி தொடங்கும் வாழ்க்கை வரலாறு அரிது. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அதனை நினைவுகூர்வது பொருந்தும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். ஆடித் திங்களில் நம் பகுதி மக்கள் பவானி அம்மனைத் தொழத் திரளாகச் செல்லும் பெரியபாளையத்திலேதான் அவர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் காஞ்சிபுரத்து விசுவநாத முதலியார்; தாயார் பூச்சியம்மாள். மகன் முகத்தைக் காணுமுன்னரே தந்தையார் காலமானார். பெண்மக்கள் இருவரோடும் வயிற்றுப் பிள்ளையோடும் ஆதரவற்று நின்ற அன்னைக்குப் பெரியபாளையத்தில் நிழல் தந்தவர் குடும்ப நண்பராகிய ரெட்டிராயர். பின்னாளில் பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் தந்த பெயருக்குரியவர், பிறர் கொடுத்த கூரையின் கீழ்க் கண் திறந்தார் என்பது எண்ணத்தக்கது.

அந்த நிழலும் நெடுநாள் நிற்கவில்லை. ரெட்டிராயர் மறைந்தபின் குடும்பம் சென்னைக்கு வந்தது. அங்கே பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷி கைகொடுத்தார். இரு மொழி வல்லவர் என்பதே துபாஷி என்னும் சொல்லின் பொருள். ஆயினும் அக்காலச் சென்னையில் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கவில்லை. ஆங்கிலேயருக்குச் சரக்கு வாங்கித் தருபவர், கடன் திரட்டுபவர், கணக்கு எழுதுபவர், ஊர்நிலை உரைப்பவர் எல்லாம் அவரே. அத்தொழிலின் நெளிவு சுளிவுகளையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் பச்சையப்பர் இளமையிலேயே கற்றுக்கொண்டார். ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு எழுத்தும் எண்ணும் கற்கும் வாய்ப்புக் கிட்டினால் என்னவாகும் என்பதற்கு முதற்சான்று அவருடைய வாழ்க்கையே எனலாம்.

பருவம் எய்துமுன்னரே அவர் வணிகத்தில் பெயர் பெற்றார். பின்னர்க் கும்பினி அதிகாரிகளுக்குத் துபாஷியாக இருந்து, தஞ்சை அரசோடு நடந்த பெரும் பணக் கொடுக்கல் வாங்கல்களில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வர் ஆனார். ஐதர் அலியின் படையெடுப்பும் கும்பினியின் வரிச்சுமையும் உழவரை வாட்டிய காலம் அது. அக்காலத்துச் செல்வத்தின் ஊற்று முழுவதும் தெளிந்த நீர் என்று உரைப்பதற்கில்லை. அதனை மறைப்பதும் வரலாறு ஆகாது. அவ்வூற்றிலிருந்து எடுத்ததை அவர் எங்கே பாய்ச்சினார் என்பதே நாம் காணத்தக்கது.

சென்னையில் அவர் கோமளேசுவரன்பேட்டையில் வாழ்ந்தார். நாள்தோறும் கூவத்தில் நீராடிக் கோமளேசுவரரை வழிபட்டார் என்று வழிவழியாகச் சொல்வர். நம் திருவேற்காட்டைக் கடந்து செல்லும் அதே கூவந்தான் அது! கோயில் திருப்பணிகளிலும் அன்னதானத்திலும் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. காஞ்சியிலும் தில்லையிலும் அவருடைய அறங்கள் விளங்கின.

ஆண் வாரிசு இல்லாத நிலையில் நோயுற்ற அவர், 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் உயில் எழுதினார். தம் பொருள் அறச்செயல்களுக்கு ஆக வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதனை நிறைவேற்றும் பொறுப்பை நாராயண பிள்ளையிடம் விட்டார். அதே திங்கள் 31ஆம் நாள் திருவையாற்றில் காவிரிக்கரையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ நாற்பதே.

வள்ளலின் வாழ்வு அத்துடன் முடிந்தது. கொடையின் வாழ்வோ தொடங்கவேயில்லை. சொத்தைப் பற்றி உறவினரிடையே பூசல் எழுந்தது, வழக்குகள் வளர்ந்தன, ஆண்டுகள் கழிந்தன. அறத்துக்கென்று எழுதிவைத்த பொருள் ஒரு தலைமுறைக்கு மேலாக வழக்குக் கட்டுகளுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. கொடுக்க மனம் கொண்டவர் ஒருவர் இருந்தாலும், அதனைக் காத்துக் கணக்குக் கேட்பவர் இல்லாவிடின் அறம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கணக்குக் கேட்க ஆள் வந்தது நம் நல்வினை. சென்னையின் தலைமை அரசு வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சி இவ்வகையில் பெரிது. அந்நாளைய சுப்ரீம் கோர்ட்டு 1832ஆம் ஆண்டில் அறக்கட்டளைக்கு வழிவகுத்தது. ஒரு லட்சம் வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய், சமய அறங்களுக்கு முதலாக வகுக்கப்பட்டது. வழக்கு நடந்த நெடுங்காலத்தில் வட்டி பெருகி மிஞ்சிய தொகையை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடுவது என முடிவாயிற்று. உயிலில் இல்லாத பள்ளி, உயிலின் அற நோக்கத்திலிருந்து இவ்வாறு முளைத்தது.

1842ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிராட்வேயில் அப்பள்ளி தொடங்கியது. அரசையோ கிறித்தவ மிஷன்களையோ சாராது, இந்நாட்டார் ஒருவரின் பொருளால் தென்னிந்தியாவில் எழுந்த முதற் பெருங்கல்விநிலையம் என்று அது போற்றப்படுகிறது. ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1846இல் காஞ்சிபுரத்தில் ஒரு கிளைப்பள்ளி தோன்றியது. 1850இல் எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயிலை ஒத்த தூண்களோடு பச்சையப்பன் மண்டபம் திறக்கப்பெற்றது. 1889இல் கல்லூரி முதல்தர நிலை எய்தியது. 1940இல் சேத்துப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது. அம்பத்தூருக்கு அணித்தாக அண்ணாநகரில் விளங்கும் கந்தசாமி நாயுடு கல்லூரியும் இவ்வறக்கட்டளைக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்கொடையின் பயனைக் கட்டடங்களைக் கொண்டு அளத்தல் முறையன்று. உள்ளே நுழைந்த மாணவரைக் கொண்டு அளத்தல் வேண்டும். காஞ்சிபுரத்தின் எளிய நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையாகிய அண்ணாதுரை, அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிலும் பின்னர்ச் சென்னைக் கல்லூரியிலும் பயின்றார். 1967இல் அவர் முதலமைச்சர் ஆனார். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்த இராமானுசன் 1906இல் இங்கே சேர்ந்தார். கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவ்விளைஞரோடு அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். எனினும் பிற பாடங்கள் தடையாக நின்றமையால் இராமானுசன் தேர்வில் தேறவில்லை. இடம் கொடுப்பது ஒன்று, இடம் பெற்றவனின் இயல்பறிந்து வளர்ப்பது மற்றொன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. தமிழைப் பொறுத்தவரை, மு. வரதராசனார் இக்கல்லூரியில் ஆண்டுகள் பல பேராசிரியராக விளங்கினார் என்பது ஒன்றே போதும்.

மற்றோர் உண்மையையும் சொல்லாமல் விடுதல் தகாது. ஏழைகளுக்கென்று திறந்த அக்கதவு எல்லா ஏழைகளுக்கும் திறக்கவில்லை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இந்துக்கள் அல்லாதார்க்கு 1947 வரை கதவு மூடியே இருந்தது. தந்தையற்ற பச்சையப்பருக்கு நிழல் கொடுத்தவர்கள் அவருடைய தேவையைக் கண்டார்கள். அவர் பெயரால் நடந்த நிறுவனமோ நூறாண்டு வரை மாணவனின் பிறப்பைக் கேட்டது. நீதிமன்றத்தில் பொருள் விடுதலை பெற்றதைக் காட்டிலும், சமூகத்தில் கதவு விடுதலை பெறுவதற்கே அதிகக் காலம் பிடித்தது.

ஆகவே கொடை மூவரால் நிறைவுறுகிறது. கொடுப்பவர் ஒருவர், அதனைக் காத்துக் கணக்குக் கேட்பவர் இன்னொருவர், இன்னும் வெளியே நிற்பவர் யார் என்று பார்த்துக் கதவை அகலத் திறப்பவர் மூன்றாமவர். முதலாமவரை நாம் பாடியிருக்கிறோம். மற்ற இருவரையும் பாடும் கடமை எஞ்சியிருக்கிறது. பெரியபாளையத்திலும் பூவிருந்தவல்லியிலும் இன்றும் தந்தையற்ற பிள்ளைகள் உளர். கட்டணம் கட்ட வழியின்றி நிற்கும் மாணவர் உளர். ஒரு பிள்ளைக்குரிய புத்தகச் செலவைத் திரட்டுவதும், அது அப்பிள்ளையின் கைக்குச் சென்றதா என்று கேட்பதும் பெருஞ்செல்வரால் மட்டும் ஆகும் செயல் அன்று. கவிஞர் சிலர் கூடினாலும் இயலும். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அப்பணியையும் காண்பதாகுக!