பகைவர் மக்களுக்கும் பசியாற்றிய அம்மையார்

மணிமேகலையின் அமுதசுரபி, பசித்தோர் எந்நாட்டவர் என்று வினவியதில்லை. அவ்வறத்தை இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்து காட்டியவர் எக்லண்டைன் ஜெப் அம்மையார்.

1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் செல்வக் குடியொன்றிற் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டிற் பயின்று ஆசிரியையானார். அப்பணி அவருக்கு ஒத்துவரவில்லை. குழந்தைகளிடம் கொஞ்சிப் பழகும் இயல்பும் அவருக்கில்லை. ஆயினும் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தாயாகும் பேறு அவரையே நாடி வந்தது.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தது. நேச நாடுகளின் கடல் முற்றுகையோ ஓயவில்லை. உணவு வரத்துக் குன்றியமையால், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் எலும்புந் தோலுமாயினர். அவருட் பலர் தந்தையைப் போர்க்களத்தில் இழந்தவர். இக்கொடுமையை விளக்கும் துண்டுப் பிரசுரங்களைத் தணிக்கையாளரின் இசைவின்றி லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கியமைக்காக, 1919-இல் அம்மையார் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் 5 பவுன் அபராதம் விதித்தது. வழக்கை நடத்திய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையை அவரிடம் அளித்தார் என்பது வியப்பினும் வியப்பன்றோ!

அம்மையாரும் அவர்தம் தங்கை டாரதி பக்ஸ்டனும் அவ்வாண்டு மே 19-ஆம் நாள் ஆல்பர்ட் மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூட்டிக் குழந்தைகள் காப்பு நிதியைத் தொடங்கினர். மைந்தரைப் போரிற் பறிகொடுத்த மக்களிடம் பகைவரின் மக்களுக்கு உணவு வேண்டுவது எளிதன்று. எனினும் நிதி பெருகிற்று. போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்டும் உலகெங்குமுள்ள தேவாலயங்களில் இதற்கெனக் காணிக்கை திரட்டப் பணித்தார். 1921-இல் ருஷ்யாவைப் பஞ்சம் வாட்டியபோது, அந்நிதி ஸரடாவ் பகுதியிற் சமையற் கூடங்கள் அமைத்துக் குழந்தைகளுக்கு உணவளித்தது.

ஈகை ஒருவேளைப் பசியைத் தீர்க்கும். உரிமையே என்றும் காக்கும் எனக் கண்ட அம்மையார், 1923-இல் குழந்தைகள் உரிமைச் சாசனத்தை வரைந்தார். அதன் விதிகள் ஐந்தே. பசித்த குழந்தைக்கு உணவும், அநாதைக்குப் புகலிடமும் அளித்தல் வேண்டும். இடுக்கண் வருங்கால் முதலுதவி குழந்தைக்கே உரியது என்பன அவற்றுட் சில. 1924-இல் சர்வதேச சங்கம் அதனை ஏற்றது. 1928 டிசம்பரில், தமது 52-ஆம் வயதில், அம்மையார் ஜெனிவாவில் மறைந்தார். அவர் இட்ட வித்தே 1989-இல் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையாய்த் தழைத்தது.

பிறந்த மண்ணைவிட்டு வந்து, அயலாரையே உறவினராகக் கொண்டு வாழும் நமக்கு இவ்வரலாறு நெருங்கியது. நம் பிள்ளை, பிறர் பிள்ளை என்னும் வேறுபாடு பசியின் முன் நில்லாதென்பதை நம் இளஞ்சிறார்க்கு உணர்த்துவோமாக.